பதிவு செய்த விலாசம்

லோகேஸ்வரி என் வீட்டில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. வருவாள், சாப்பிடுவாள், என் குழம்பில் புளி தூக்கல் என்று குறை சொல்வாள், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவாள். தோட்ட நிர்வாகம் அனுப்பிய ஆளிடம் இதைத்தான் சொன்னேன். லயத்து ஜனங்களிடமும் சொன்னேன். நம்பாமல் இருந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். எல்லோரும் நம்பிக்கொண்டே இல்லை என்று தலையாட்டினார்கள். அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

என் பெயர் முரியல். கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகிற சாலையோரத் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், கடைசி வரிசையில் எங்கள் வீடு. பின்னால் ஒரு கால்வாய். கால்வாயைத் தாண்டினால் ஏழாங்கட்டைத் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் மரங்கள், அதற்கும் பின்னால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம். நானும் அந்த லயத்தில் பிறந்தவள்தான். லோகேஸ்வரியும் நானும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வீடு, அவள் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வீடு. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது வாய்க்கொழுப்பு ஒன்றுதான். நான் எலியட்டைக் கட்டிக்கொண்டு தாமானுக்கு வந்தேன். அவள் கட்டிக்கொண்டவன் ஜொகூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டான். அவள் அப்பா சின்னையாவிடமே திரும்பி வந்துவிட்டாள்.

சின்னையா மாமா வாழ்நாளெல்லாம் செம்பனைப் பழக்குலை வெட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு சர்க்கரை வியாதி அவர் கண்ணை வாங்கிக்கொண்டது, அப்புறம் ஒரு காலையும் வாங்கிக்கொண்டது. ஆளைத் தனியாக விட்டுவிட்டு எங்கும் போக முடியாது. ஷா ஆலாமில் ஓர் ஆபீஸில் நல்ல வேலையில் இருந்தவள் அதை விட்டாள். வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று கிடைத்தது. இணையத்தில் சாமான் விற்கிற ஒரு கடைக்காக, பொருள் வரவில்லை, உடைந்து வந்தது என்று கத்துகிறவர்களுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்ல வேண்டும். காதில் ஹெட்ஃபோன், குரலில் இனிப்பு. அவளுக்கு அது பெரிய தண்டனை, ஆனால் நன்றாகச் செய்தாள். ஒரே நிபந்தனை, வீட்டில் விட்டுப்போகாத வேகமான இணைய லைன் இருக்க வேண்டும்.

லயத்தில் லைனுக்கு எங்கே போவது? லைன் கம்பெனியின் வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சை. வீடே கிடையாது. அவள் போனில் விண்ணப்பம் போடுவாள், வீட்டு எண், தெருப் பெயர் என்று கேட்கும். லயத்தில் ஏது தெரு? மூன்றாவது லயம், கடைசி வீடு என்று எழுதினால் அது ஏற்காது. கடிதமென்று வந்தால் எல்லோருக்கும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். கரண்டும் தண்ணீரும் தோட்டத்து மீட்டரில் ஓடும், யார் பேருக்கும் பில் கிடையாது. தாமான் வரைக்கும் வந்த கேபிளைக் கால்வாய் தாண்டிக் கொண்டுபோகலாமே என்று கேட்டால், தோட்டம் தனியார் நிலம், நிர்வாகம் கம்பம் நட விடவில்லை என்றார்கள். நிர்வாகத்தைக் கேட்டால், லைன் கம்பெனி முறையாக எழுதிக் கேட்கவில்லை என்றார்கள். சிம் போட்டு ஓட்டுகிற மோடம் வாங்கிப் பார்த்தாள். மாதம் பாதி போவதற்குள் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். ஒரு வாடிக்கையாளர் திட்டிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்து, இவள் பயந்து ஓடிவிட்டாள் என்று அவர் நினைத்தாராம்.

கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். என் வீட்டில் லைன் போட வேண்டும், அவள் பெயரில். மோடம் என் வீட்டு ஹாலில் இருக்கும். என் கூரையில் ஒரு சின்ன ஆன்டெனாத் தட்டு, அவள் கூரையில் ஒரு தட்டு, இரண்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் போதும், லைன் செம்பனைக்கு மேலே பறந்துபோய்விடும். அந்தப் பக்கம் மறுநடவு ஆகியிருந்ததால் மரங்கள் இடுப்பளவுதான்.

"என் வீட்டு லைனையே எடுத்துக்கடி," என்றேன்.

"உன் புருஷன் நெட்டுல பந்தாட்டம் பாக்கறப்பல்லாம் என் கஸ்டமர் தொங்கிக்கிட்டு நிக்கணுமா? வேணா லா," என்றாள்.

லைன் கம்பெனிக்காரன் சட்டம் பேசினான். வீட்டு லைன் என்றால் பதிவு செய்த வீட்டுக்குள் மட்டும்தான். வெளியே கொண்டுபோகக் கூடாது, பிறருக்குக் கொடுக்கக் கூடாது. ஒரே விலாசத்தில் இரண்டாவது லைன் வேண்டுமானால் அந்த ஆள் அங்கே குடியிருக்க வேண்டும். அந்தக் கம்பெனிக் கடையில் இருந்த பையனே கண்ணடித்து, வாடகைக்கு இருக்கிறார் என்று வீட்டுக்காரர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் அக்கா என்றான். வீடு எலியட் பெயரில். அவர் மூக்கால் அழுதுகொண்டே எழுதிக் கொடுத்தார். அரசாங்க வேலையில் இருப்பவர், பேனா பிடித்தாலே கை நடுங்குகிற சாதி.

தட்டு மாட்டிய அன்று லோகேஸ்வரி கூரையில் நின்று கைதட்டியது இங்கே என் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிந்தது. சின்னையா மாமாவுக்குப் பழைய பக்திப் பாட்டுகளைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். மரங்கள் வளர வளர லைன் மங்கும். வருஷத்துக்கொரு தரம் இரும்புக் குழாயை ஒட்டி உயரத்தைக் கூட்டுவாள். "செம்பனைக்கும் எனக்கும் போட்டி முரியல்," என்பாள். வேடிக்கையாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன்.

லயத்தில் வைஃபை இருக்கிற ஒரே வீடு என்றால் சும்மா விடுவார்களா? கோவிட் காலத்தில் பள்ளிக்கூடம் மூடியபோது பிள்ளைகள் எல்லாம் அவள் வாசலில்தான் உட்கார்ந்து படித்தன. கேட்டவர்களுக்கெல்லாம் கடவுச்சொல்லைக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தாயம்மா காலையில் சீரியல் போட்டால், அவர் மகன் புனிதன் மத்தியானம் வரைக்கும் போனில் விளையாட்டு. லோகேஸ்வரியின் குரல் வாடிக்கையாளர் காதில் விட்டு விட்டுக் கேட்கும். அவள் வேலைநேரத்தில் வீடியோ மட்டும் ஓடாதபடி அடைத்தாள். புனிதன் ஏதோ செய்து அதைச் சுற்றிக்கொண்டு வந்தான். அவள் வேறு மாதிரி அடைத்தாள், அவன் வேறு மாதிரி வந்தான்.

"நான் லைன் கம்பெனிய ஏமாத்துறேன், புனிதன் என்னய ஏமாத்துறான். கணக்கு சரியாப் போச்சி," என்று சிரித்தாள். வேலை கொடுத்தவர்கள் எச்சரிக்கை அனுப்பியபோது சிரிப்பு நின்றது. கடவுச்சொல்லை மாற்றினாள். சாயங்காலத்துக்கு மேல்தான் திறப்பு என்றாள்.

தாயம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "ஓசில குடுக்கறதுக்கு இம்புட்டுச் சட்டமா? எவன் வீட்டு லைன எவ பூட்டறது? தாமான் வீட்டுக்காரின்னா தாமான்ல போயி இருக்க வேண்டியதுதானே," என்று வாசலில் நின்று பேசினார். அன்றிலிருந்து லயத்தில் லோகேஸ்வரிக்குத் தாமான் வீட்டுக்காரி என்று பெயர். அவள் கோபப்படவில்லை. எலியட் எழுதிக் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும், அவளே சொல்லிச் சிரித்ததுதான். அந்த லயத்தில் ரகசியம் என்று எதுவும் தங்காது, பலகைச் சுவரில் தும்மினால் மூன்றாவது வீட்டில் கேட்கும்.

சின்னையா மாமா மூன்று வருஷத்துக்கு முன்பு இறந்தார். அவர் காடாற்றுக்கு மறுமாதம், தோட்டம் விற்றாகிவிட்டது, வீடமைப்பு வரப்போகிறது என்று செய்தி வந்தது. லயத்துக் குடும்பங்களுக்கு நிலத்தின் பின்பக்கம் தரைவீடு கட்டித் தருவார்கள். சும்மா தரவில்லை, இத்தனை வருஷம் கூட்டம் போட்டு, மனுக்கொடுத்து, வெயிலில் நின்று வாங்கியது. லோகேஸ்வரியும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனாள், மனுக்களை மலாயில் எழுதியதே அவள்தான். நிபந்தனை ஒன்று இருந்தது. தொழிலாளி இறந்துவிட்டால், பிள்ளைக்கு வீடு உண்டு, ஆனால் அந்தப் பிள்ளை கடைசிவரை அதே லயத்து வீட்டில் அவரோடு இருந்திருக்க வேண்டும். வெளியே குடிபோனவர்களுக்குக் கிடையாது.

"இதுல எனக்கு என்ன பயம்? அப்பாவ விட்டு நான் எங்க போனேன்?" என்றாள் லோகேஸ்வரி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எந்த அறையில் என்ன வைப்பது என்றுகூடப் பேசினோம். அவளுக்கென்று சொந்தமாக ஒரு வீடு, அதற்கொரு எண், ஒரு தெரு. நாற்பது வயதுக்கு மேல் அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

வீடு வீடாக விசாரிக்க நிர்வாகம் சத்தியசீலன் என்ற இளைஞனை அனுப்பியது. கழுத்தில் டை, கையில் டேப்லட், வாயில் பாதி ஆங்கிலம். அவன் தாயம்மா வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தான். கட்டப்போகிற வீடுகள் இத்தனைதான், கல்யாணம் ஆன மகனுக்குத் தனி வீடு வேண்டுமானால் யாராவது கழன்றால்தான் உண்டு என்று அவரிடம் சொல்லியிருக்கிறான். புனிதனுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது. தாயம்மா பொய் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சாமர்த்தியம். "லோகேஸ்வரி பேருல தாமான்ல லைன் இருக்கு தம்பி. வாடகைக்கு இருக்கறதா எழுதியே குடுத்திருக்காங்க. நாங்கல்லாம் தாமான் வீட்டுக்காரின்னுதான் கூப்பிடுவோம்," என்றார். அவ்வளவுதான். லைன் எங்கே வந்து சேர்ந்தது, தம் வீட்டு சீரியல் எந்த லைனில் ஓடியது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பட்டியல் ஒட்டியபோது லோகேஸ்வரி பெயர் இல்லை. கேட்கப் போனோம்.

"அக்கா, சிஸ்டம்ல செக் பண்ணிட்டோம்," என்றான் சத்தியசீலன். "உங்க நேம்ல தாமான் அட்ரஸ்ல அக்கவுண்ட் இருக்கு, அஞ்சாறு வருஷமா எவ்ரி மந்த் பே பண்ணியிருக்கீங்க. இங்க இருந்ததுக்கு ஏதாச்சும் பில் இருக்கா?"

"இங்க யாருக்குத்தான் பில் இருக்கு? தாயம்மாக்காகிட்ட பில் கேட்டீங்களா?"

"அவங்களுக்கு வேற எங்கயும் அட்ரஸ் இல்ல. சோ இஷ்யூ இல்ல. உங்களுக்கு இருக்கு."

வேறு விலாசமே இல்லாதவர்கள் லயத்துக்காரர்கள். ஒரு விலாசம் கிடைத்தவள் வெளியாள். ஐசி அடையாள அட்டையைக் காட்டினாள். அதில் தோட்டத்து ஆபீஸ் விலாசம்தான், ஆனால் எப்போதோ தோட்டத்தை விட்டுப் போனவர்கள் ஐசியிலும் அதே விலாசம்தான் இருக்கிறது, அது செல்லாது என்றான். அண்டை வீட்டார் சாட்சி சொல்லட்டும் என்றான். ஒவ்வொரு வாசலாகப் போனாள். அவள் வாசலில் படித்துத் தேறின பிள்ளைகளைப் பெற்றவர்கள், "நமக்கு எதுக்கு லா வம்பு, எங்க பேரையும் எடுத்துட்டா?" என்றார்கள். அந்தப் பயம் பொய்யில்லை என்று லோகேஸ்வரி அவர்களுக்காகவும் பேசினாள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. நான் அத்தனை பேரையும் சபித்தேன், சர்ச்சில் உட்கார்ந்துகொண்டே சபித்தேன்.

நான் போய் சத்தியசீலனிடம் சொன்னேன், அவள் என் வீட்டில் இருந்ததே இல்லை என்று. வீட்டுக்காரர் யார் என்றான். எலியட் என்றேன். அப்படியென்றால் அவர் தாம் எழுதிக் கொடுத்தது பொய் என்று கையெழுத்துப் போடட்டும், பார்க்கலாம் என்றான்.

அன்று வீட்டில் பெரிய சண்டை.

"பொய்க் கடிதம் குடுத்தேன்னு நானே எழுதிக் குடுத்தா என் வேலை என்னாகும்? பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு," என்றார் எலியட்.

"அவளுக்கு வீடு போவுதுங்க."

"நமக்குச் சோறு போவும்."

அப்படிச் சொல்லிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் ஒன்றாக இருக்கிற மனுஷன், தங்கமானவர் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கம் எவ்வளவு சுலபமாக வளைகிறது என்று அன்று பார்த்தேன். லோகேஸ்வரியிடம் இதை எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டு நின்றேன். அவளே, "அண்ணன் மேல கோவிச்சிக்காத, எனக்குன்னு எழுதிக் குடுத்தாரே, அதுவே பெருசு," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மிச்சம் இருந்தது லைன் கம்பெனி. அவள் யோசித்து யோசித்து அங்கே வந்து நின்றாள். பதிவு செய்த வீட்டை விட்டு லைனை வெளியே கொண்டுபோவது அவர்கள் சட்டப்படி குற்றம். அவள் குற்றம் செய்தாள் என்று அவர்களே எழுதிக் கொடுத்தால், லயத்தில்தான் இருந்தாள் என்று ஆகிவிடும் அல்லவா? லைனை வெட்டுவார்கள். லைன் போனால் வேலை போகும். போகட்டும், வீடு இருந்தால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றாள். நானும் கூடப் போனேன்.

கவுண்டரில் இருந்தது மலாய்க்காரப் பெண், மரியாதையான பெண். மலாயில் நடந்த பேச்சு இது. லோகேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். கூரை, தட்டு, செம்பனை, லயத்துப் பிள்ளைகள், ஒன்று விடவில்லை. தட்டின் படத்தைப் போனில் காட்டினாள். அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அக்கா, எங்கள் பதிவில் தவறு எதுவும் இல்லையே. மோடம் பொருத்திய நாளிலிருந்து அதே விலாசத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள்கூட நகரவில்லை."

"மோடம் நகரவில்லை. லைனை நான் வெளியே கொண்டுபோனேன்."

"வீட்டுக்குள் மோடத்துக்கு அப்பால் நீங்கள் என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. இந்தப் படம் எந்தக் கூரை என்பதும் எங்களுக்குத் தெரியாது. கட்டணமும் தவறியதில்லை. நீங்கள் நல்ல வாடிக்கையாளர்."

"இல்லை. நான் உங்களை ஏமாற்றியிருக்கிறேன். அதை எழுதிக் கொடுங்கள், போதும்."

"ஏமாற்றவில்லை அக்கா," என்று அந்தப் பெண் தேற்றினாள். இவளுக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று நினைத்திருப்பாள். விரும்பினால் பதிவு செய்த விலாசத்தில் தொடர்ந்து லைன் வைத்திருக்கிறார் என்று உறுதிக் கடிதம் தருவதாகச் சொன்னாள். அதைவிட வேகமான திட்டம் ஒன்று வந்திருக்கிறது, பழைய வாடிக்கையாளருக்குச் சலுகை என்றும் சொன்னாள்.

லோகேஸ்வரி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோட்டத்தில் பிறந்து, அங்கேயே அப்பனைக் கழுவித் துடைத்து அனுப்பியவள், நான் திருடி என்று எழுதிக்கொடு என்று கெஞ்சினாள். அதையும் யாரும் தரவில்லை. அவள் செய்தது அவ்வளவு சுத்தமான வேலை. கைகாரியாக இல்லாமல் இருந்திருந்தால் என்றைக்கோ மாட்டியிருப்பாள், மாட்டியிருந்தால் இன்றைக்கு வீடு இருந்திருக்கும்.

லயத்தை இடித்தபோது அவள் பார்க்கப் போகவில்லை. என்னோடு வந்து இரு என்றேன். எலியட்டும் வந்து கூப்பிட்டார், தலையைக் குனிந்துகொண்டு.

"உன் வீட்டுல வந்து இருந்தா அவங்க சொன்னது நெசமாயிரும் முரியல்," என்றாள்.

லைனை நிறுத்தினாள். வேலையும் நின்றது. இப்போது சுங்கை புரோங்கில் ஒரு சீனன் வீட்டுப் பின்பக்கத்து ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாள், அரிசி மில்லில் பொட்டலம் கட்டுகிறாள். வயல்வெளி, காற்று நன்றாக வரும் என்று சொல்கிறாள். நான் போகும்போதெல்லாம் அந்த அறையில் காற்று வந்து பார்த்ததில்லை.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. தாயம்மா. புது வீட்டுக்குக் குடிபோய் ஒரு மாதமாகிறது. புனிதனுக்கும் வரிசையின் கடைசியில் தனி வீடு. லோகேஸ்வரி கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"லோகேசு, நல்லாருக்கியா? இங்க லைன் கெடைக்க மாட்டேங்குதும்மா. எல்லாம் ஃபுல்லு, ஆறு மாசம் ஆவும்ங்கறான். உன் கூட்டாளி வீட்டுக் கூரையிலதான் அந்தத் தட்டு சும்மா கெடக்குதே. நீ ஒரு எட்டு வந்து இங்கிட்டு திருப்பி வச்சிட்டுப் போனீன்னா... பழசையெல்லாம் மனசுல வச்சிக்காத லா. நாமல்லாம் ஒரே லயம்."

நான் போனைப் பிடுங்கப் போனேன். வாயில் வந்த வார்த்தைகள் சர்ச்சுக்குப் போகிறவள் பேசுகிற வார்த்தைகள் அல்ல. லோகேஸ்வரி கையால் தடுத்தாள்.

"தாயம்மாக்கா, உங்களுக்கு இப்ப வீட்டு நம்பர் இருக்கு, தெருவு இருக்கு. கடையில எழுதிக் குடுத்துட்டுக் காத்திருங்க. குடுப்பாங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. வாடிக்கையாளரிடம் பேசுகிற அந்தப் பழைய இனிப்புக் குரல்.

போனை வைத்துவிட்டு அரிசியைக் களைந்தாள். தண்ணீரை வடித்தாள், மறுபடி ஊற்றினாள். என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"அந்தப் புது வீட்டுல மூணு ரூமாமே முரியல்? நீ போயி பாத்தியா?"

நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். பார்த்திருந்தேன்.